130 ஆட்டம், 3 கோல்: ஒரு டிஃபெண்டரின் பட்டியலைப் படிப்பது எப்படி?

கால்பந்து பார்க்கத் தொடங்கிய புதிதில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஏதாவது ஒரு ஆட்டக்காரரின் பெயர் காதில் விழுந்தால் உடனே இணையத்தில் தேடுவேன். பக்கத்தின் ஓரத்தில் ஒரு சிறிய பட்டியல் இருக்கும்: எந்த ஆண்டு, எந்த கிளப், எத்தனை ஆட்டம், அடைப்புக்குறிக்குள் எத்தனை கோல். அடைப்புக்குறிக்குள் பெரிய எண் இருந்தால் பெரிய ஆள், இல்லையென்றால் சும்மா ஆள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண் அப்படித்தான் பார்க்கும். ரன் எத்தனை, விக்கெட் எத்தனை என்று பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும் அல்லவா?

டிஃபெண்டர்கள், அதாவது எதிரணி கோல் அடிக்காமல் தடுக்கிற ஆட்டக்காரர்கள் விஷயத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அது எனக்குப் புரிந்தது சீனாவைச் சேர்ந்த சுன் ஜிஹாய் என்பவரின் பட்டியலைப் பார்த்தபோதுதான். அதையே வைத்து விளக்குகிறேன். கால்பந்து பற்றி அதிகம் தெரியாதவர்களும் கூடவே வரலாம்.

பட்டியலின் முக்கியமான வரி இது: மான்செஸ்டர் சிட்டி, 2002 முதல் 2008 வரை, 130 (3). அதாவது 6 ஆண்டுக்கும் மேல் ஒரே கிளப்பில் இருந்திருக்கிறார், 130 ஆட்டங்களில் இறங்கியிருக்கிறார், அடித்தது 3 கோல். சீன தேசிய அணிக்கு 80 ஆட்டம், 1 கோல். முன்பு நான் பார்த்த மாதிரி பார்த்தால், இவரை எதற்கு இத்தனை வருடம் வைத்திருந்தார்கள் என்றுதான் தோன்றும்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். அந்த 130, 3 இரண்டுமே லீக் ஆட்டங்களின் கணக்கு மட்டும்தான். லீக் என்பது ஒரு சீசன் முழுக்க எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதும் போட்டி. அதோடு எஃப்.ஏ. கோப்பை, லீக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பைகள் என்று வேறு போட்டிகளும் கூடவே ஓடிக்கொண்டிருக்கும். அவற்றின் கணக்கு பொதுவாக இந்த ஓரப் பட்டியலில் வராது. 2003 ஆகஸ்ட் 14 அன்று மான்செஸ்டர் சிட்டி தன் புதிய மைதானத்தில் முதல் போட்டி ஆட்டத்தை ஆடியது. யுவெஃபா கோப்பைத் தகுதிச் சுற்று, எதிரணி வேல்ஸைச் சேர்ந்த ஒரு சிறிய கிளப், முடிவு 5-0. அந்த ஐந்தில் ஒன்று சுன் அடித்தது. மேலே சொன்ன 3 கோலில் இது சேர்த்தி இல்லை.

அந்த ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையைத் தேடிப் பார்த்தால் கோல் அடித்தவர் பெயர் பல இடங்களில் "ஜிஹாய்" என்றுதான் இருக்கும். சீனப் பெயர்களில் குடும்பப் பெயர் முதலில் வரும், சொந்தப் பெயர் பின்னால். அவருடைய குடும்பப் பெயர் சுன். ஆங்கிலேயர்கள் கடைசியில் இருப்பதுதான் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு அவரை ஜிஹாய் ஆக்கிவிட்டார்கள். பழைய தகவல்களைத் தேடுகிறவர்கள் இரண்டு பெயரிலும் தேடுவது நல்லது. நான் ஒரு பெயரில் மட்டும் தேடி, பாதி ஆட்டங்களில் அவர் இறங்கவே இல்லை என்று முதலில் நினைத்துக்கொண்டேன்.

டிஃபெண்டர் என்ன வேலை செய்கிறார்?

ஓர் அணியில் 11 பேர். ஒருவர் கோல்கீப்பர். அவருக்கு முன்னால் வழக்கமாக 4 டிஃபெண்டர்கள் நிற்பார்கள். நடுவில் நிற்கும் இருவர் சென்டர் பேக், இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள் ரைட் பேக், லெஃப்ட் பேக். சுன் ஜிஹாய் அடிப்படையில் ரைட் பேக். எதிரணியின் இடதுபக்க விங்கர், அதாவது ஓரமாகப் பந்தைக் கொண்டுவந்து உள்ளே கிராஸ் போடுகிறவர், இவர் பொறுப்பு.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். விங்கரிடம் பந்து வந்துவிட்டது. அவருக்கும் நம் ரைட் பேக்குக்கும் நடுவில் யாரும் இல்லை. புதிதாக ஆடுகிறவர் இந்த இடத்தில் பாய்ந்து பந்தைப் பிடுங்கப் பார்ப்பார். விங்கர் அதற்காகத்தான் காத்திருக்கிறார். பந்தை லேசாக ஒரு தட்டு, ஆள் போய்விடுவார். அனுபவமுள்ள ரைட் பேக் பாயவே மாட்டார். ஒன்றரைக் கை தூரம் விட்டு நிற்பார். நேராக நெஞ்சைக் காட்டி நிற்காமல் உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலை மடக்கி நிற்பார். அந்தத் திருப்பம் எந்தப் பக்கம் என்பதில்தான் சூட்சுமம். உள்பக்க வழியை உடம்பால் அடைத்துவிட்டு, கோட்டோரத்து வழியைத் திறந்துவைப்பார். "போ, அந்தப் பக்கம் போ" என்று அனுமதி கொடுப்பது போல. கோட்டோரமாகப் போனால் விங்கருக்கு ஒரு பக்கம் டிஃபெண்டர், இன்னொரு பக்கம் எல்லைக்கோடு. இடம் குறைந்துகொண்டே போகும். விங்கர் தோளை ஆட்டிப் பொய்க்காட்டு காட்டுவார். டிஃபெண்டர் தோளைப் பார்க்காமல் பந்தை மட்டும் பார்த்தபடி பின்னால் நகர்ந்துகொண்டே இருப்பார். மூன்று நான்கு விநாடி இப்படியே போகும். அதற்குள் மிட்ஃபீல்டில் இருந்து, அதாவது மைதானத்தின் நடுப்பகுதியில் இருந்து ஒருவர் உதவிக்கு ஓடி வந்துவிடுவார். வேறு வழியில்லாமல் விங்கர் பந்தைத் தன் ஆளுக்கே பின்னால் தள்ளிவிடுவார்.

என்ன நடந்தது? எண்ணி வைக்கும்படி ஒன்றும் நடக்கவில்லை. டேக்கிள் இல்லை, கோல் இல்லை, கூட்டம் கை தட்டவும் இல்லை. பட்டியலில் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. ஆனால் அந்தப் பக்கத்தில் அன்று வரவேண்டிய ஆபத்து வரவில்லை. ஒரு ஆட்டத்துக்கு இப்படிப் பத்துப் பதினைந்து முறை செய்கிறவரைத்தான் பயிற்சியாளர் அடுத்த வாரமும் பெயர் எழுதி இறக்குவார். எனவே டிஃபெண்டரின் பட்டியலில் அடைப்புக்குறிக்கு உள்ளே இருப்பதை விட்டுவிட்டு, வெளியே இருக்கும் எண்ணைப் பாருங்கள். 130 முறை ஒருவர் இவரை நம்பியிருக்கிறார். என்னைக் கேட்டால் அந்த எண்தான் இவருடைய ஸ்கோர்.

ஊரும் தொடக்கமும்

சுன் 1977 செப்டம்பர் 30 அன்று சீனாவின் வடகிழக்கில் உள்ள தாலியான் துறைமுக நகரத்தில் பிறந்தவர். சீனக் கால்பந்தில் தாலியானுக்குத் தனி மரியாதை உண்டு. சீனாவில் தொழில்முறை லீக் 1994இல்தான் தொடங்கியது. அந்த முதல் சீசனில் பட்டம் வென்றது தாலியான் வாண்டா. அப்புறம் 1996, 1997, 1998 என்று வரிசையாக மூன்று பட்டங்கள். 1995க்கும் 1997க்கும் இடையில் லீக்கில் தொடர்ந்து 55 ஆட்டங்கள் தோற்காமல் ஆடிய அணி அது. 1995இல் கிளப்பின் முதன்மை அணிக்கு வந்த சுன், அந்த அணிக்குள்தான் வளர்ந்தார். தோற்காத அணியில் டிஃபெண்டராக வளர்வது நல்ல பள்ளிக்கூடம். எதிரணிகள் எல்லாம் கீழே இறங்கி நின்று, திடீரென்று ஒரு பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவார்கள். அப்போது பின்னால் நிற்பவர் தூங்கக் கூடாது.

1998இல் அவரும் ஷாங்காய் ஷென்ஹுவா அணியின் ஃபான் ஜியியும் லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் கிளப்புக்குப் போனார்கள். சீனப் பெருநிலத்திலிருந்து இங்கிலாந்துத் தொழில்முறைக் கால்பந்துக்குப் போன முதல் இருவர் இவர்கள். பேலஸ் அப்போது இரண்டாம் படி லீக்கில் இருந்தது, பயிற்சியாளர் டெரி வெனபிள்ஸ். அந்த சீசனிலேயே கிளப்பின் பணம் கரைந்து, 1999இல் கடனில் மூழ்கிய கிளப்பை நடத்த நியமிக்கப்பட்ட நிர்வாகியின் கைக்குப் போய்விட்டது. ஃபான் அங்கேயே இருந்தார், சுன் தாலியானுக்குத் திரும்பினார். பட்டியலில் இந்த வரி 23 (0) என்று நிற்கும். 21 வயதுப் பையன் ஒருவன் மொழி தெரியாத நாட்டில், சம்பளம் வருமா என்று தெரியாத கிளப்பில் ஆடிய ஆட்டங்கள் அவை.

திரும்பிய கிளப்பின் பெயரும் மாறிப்போனது. வாண்டா நிறுவனம் ஒதுங்கிக்கொள்ள, ஷிடே என்ற நிறுவனம் எடுத்துக்கொண்டது. அதனால் பட்டியலில் தாலியான் வாண்டா, தாலியான் ஷிடே என்று இரண்டு பெயர் இருந்தால் ஊர் மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். முதலாளி மாறினார், அவ்வளவுதான். ஷிடே 2000, 2001 இரண்டு ஆண்டும் லீக் பட்டம் வென்றது.

இங்கிலாந்துக்கு மறுபடியும்

2002 பிப்ரவரியில் மான்செஸ்டர் சிட்டி அவரை சுமார் 20 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. "வாங்கியது" என்றால் என்ன? ஆட்டக்காரருக்கு ஒரு கிளப்போடு ஒப்பந்தம் இருக்கும். ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் இன்னொரு கிளப் அவரை அழைத்துக்கொள்ள வேண்டுமென்றால் பழைய கிளப்புக்கு ஒரு தொகை கொடுத்து விடுவிக்க வேண்டும். அதுதான் டிரான்ஸ்ஃபர் தொகை. ஆட்டக்காரரின் சம்பளம் இதில் சேராது, அது தனி. அதே ஆண்டு கோடையில் சிட்டி, கோல் அடிக்கும் நிக்கோலா அனெல்காவுக்குக் கொடுத்தது 1.3 கோடி பவுண்டு. டிஃபெண்டருக்கும் ஃபார்வர்டுக்கும் சந்தை வைக்கும் விலை வித்தியாசம் இது.

பணம் மட்டும் போதாது, வேலை அனுமதியும் வேண்டும். அன்றைய பிரிட்டிஷ் விதிப்படி, ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர் முந்தைய 2 ஆண்டுகளில் தன் நாட்டு அணியின் முக்கியப் போட்டிகளில் சுமார் 75 சதவீதத்திலாவது ஆடியிருக்க வேண்டும். அவருடைய நாடு ஃபிஃபா தரவரிசையில் முதல் 70 இடங்களுக்குள் இருக்க வேண்டும். தேசிய அணியில் ஆடுவது வெறும் கௌரவம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது புதிதாக இருந்தது. சீன ஆட்டக்காரருக்கு அதுதான் கடவுச்சீட்டு மாதிரி.

சிட்டி என்றதும் இன்றைய பணக்கார சிட்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். அன்று அது இரண்டாம் படியில் இருந்த கிளப். பயிற்சியாளர் கெவின் கீகனுக்குத் தாக்குதல் ஆட்டம்தான் பிடிக்கும். அந்த சீசனில் சிட்டி 99 புள்ளிகளும் 108 கோல்களும் எடுத்துப் பட்டம் வென்று, இங்கிலாந்தின் முதல் படியான பிரீமியர் லீக்குக்கு ஏறியது. பின்னால் 3 டிஃபெண்டர்களை மட்டும் நிறுத்தி, ஓரத்தில் ஆடுபவர்களை விங் பேக்காக மேலும் கீழும் ஓடவிடுவார் கீகன். விங் பேக் என்பவர் பாதி டிஃபெண்டர், பாதி விங்கர். ஓடி ஓடிக் கால் தேயும் வேலை. சுன் அதற்குப் பொருந்தினார். அது மட்டுமல்ல, தேவைப்பட்டால் இடதுபக்கம், நடுவில், மிட்ஃபீல்டில் என்று எங்கே நிறுத்தினாலும் நிற்பார். அதில் ஒரு வசதி, ஒரு சிக்கல். அணியில் எப்போதும் இடம் கிடைக்கும், ஆனால் இதுதான் என் இடம் என்று ஒன்று நிலைக்காது.

2002 அக்டோபரில் பர்மிங்காம் சிட்டிக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். பிரீமியர் லீக்கில் கோல் அடித்த முதல் சீனர் என்ற பெயர் அதனால் வந்தது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்த 3இல் ஒன்று.

80 ஆட்டமும் ஓர் அரைமணி நேரமும்

நாட்டு அணிக்காக ஆடும் ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒரு "கேப்" என்பார்கள். முன்னொரு காலத்தில் இங்கிலாந்தில் நாட்டுக்காக ஆடியவருக்கு நிஜமாகவே ஒரு தொப்பி கொடுத்தார்கள், அதிலிருந்து வந்த சொல். சுன்னுக்கு 80 கேப். சரி, அந்த 80க்குள் என்ன இருக்கிறது?

சீன ஆண்கள் அணி இதுவரை ஒரே ஒரு உலகக் கோப்பையில்தான் ஆடியிருக்கிறது. 2001 அக்டோபர் 7 அன்று ஷென்யாங் நகரில் ஓமானை 1-0 என்று வென்று தகுதி பெற்றபோது நாடே தெருவுக்கு வந்தது. பயிற்சியாளர் செர்பியாவைச் சேர்ந்த போரா மிலுட்டினோவிச். 2002இல் தென்கொரியாவும் ஜப்பானும் நடத்திய அந்தப் போட்டியில் சீனாவின் முதல் ஆட்டம் ஜூன் 4 அன்று குவாங்ஜு நகரில், கோஸ்டா ரிக்காவோடு. பிரிவில் மற்ற இரண்டு அணிகள் பிரேசிலும் துருக்கியும். ஏதாவது புள்ளி எடுக்க வேண்டுமென்றால் இந்த ஆட்டத்தில்தான் எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சுன் 7ஆம் எண் சட்டையில் இறங்கினார். முதல் அரைமணி நேரம் முடிவதற்குள் காயம்பட்டு வெளியேறினார். அந்த ஆட்டத்தை சீனா 0-2 என்று தோற்றது. அடுத்து பிரேசிலிடம் 0-4, துருக்கியிடம் 0-3. ஒரு கோல்கூட அடிக்காமல், 9 கோல் வாங்கி ஊர் திரும்பியது. சுன் மற்ற இரண்டு ஆட்டத்திலும் இறங்க முடியவில்லை. அவருடைய மொத்த உலகக் கோப்பையும் அந்த அரைமணிக்குள் அடங்கிவிட்டது. பட்டியலிலோ அது மற்ற 79 ஆட்டங்களோடு சமமாக, ஒரு எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. நட்பு ஆட்டத்துக்கும் அதே 1, உலகக் கோப்பைக்கும் அதே 1.

இன்னொரு ஆட்டத்தையும் சொல்ல வேண்டும். 2003 ஜனவரி 1, லிவர்பூல் நகரில் எவர்டனும் சிட்டியும் மோதின. எவர்டனில் சீன மிட்ஃபீல்டர் லி தியே, சிட்டியில் சுன். எவர்டன் சட்டையில் விளம்பரம் கொடுத்திருந்ததும் ஒரு சீன செல்போன் நிறுவனம்தான். சீனாவில் 30 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இதைப் பார்த்ததாக அப்போது செய்தி வந்தது. இந்த மாதிரி எண்களை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன். தொலைக்காட்சி வைத்திருப்பவர்களை எல்லாம் பார்த்தவர்கள் என்று சேர்த்துவிடுவது உலகம் முழுக்க நடப்பதுதானே. ஆனாலும், புத்தாண்டு நாளில் ஒரு சாதாரண லீக் ஆட்டத்தை ஒரு நாடு உட்கார்ந்து பார்த்தது என்பதில் சந்தேகமில்லை. இங்கிலாந்து கிளப்புகளுக்கு ஆசியச் சந்தையின் அளவு கண்ணில் பட்ட நாட்களில் அதுவும் ஒன்று.

அன்று எதிரெதிராக நின்ற இருவரில் லி தியே பின்னாளில் சீன தேசிய அணிக்கே பயிற்சியாளர் ஆனார். 2024 டிசம்பரில் லஞ்ச வழக்கில் அவருக்கு 20 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

முழங்கால்

2004இல் செல்சியோடு நடந்த ஆட்டத்தில் சுன்னின் முழங்காலில் சிலுவைத் தசைநார் பாதிக்கப்பட்டது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் குறுக்காகக் கட்டிவைத்திருக்கும் நார் அது. ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பும்போது முழங்கால் பிசகாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. அறுந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை, அப்புறம் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை காத்திருக்க வேண்டும். விங்கரோடு சேர்ந்து திரும்பித் திரும்பி ஓடுகிற ரைட் பேக்குக்கு இதைவிட மோசமான இடத்தில் அடிபட முடியாது. அந்த சீசன் அத்தோடு போயிற்று. அவர் திரும்பி வந்தபோது அணியில் டேனி மில்ஸ் இருந்தார், மைக்கா ரிச்சர்ட்ஸ் என்ற இளைஞரும் எழுந்து வந்துகொண்டிருந்தார். இருவருமே ரைட் பேக்.

பட்டியல் இதைச் சொல்லாது. 2002–2008 என்று ஒரே கோடு போட்டுவிடும். ஒரு காயத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் சீசன்வாரியாக ஆட்ட எண்ணிக்கையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எங்கே திடீரென்று எண் சரிகிறதோ அங்கே பெரும்பாலும் ஒரு முழங்காலோ கணுக்காலோ இருக்கும். அல்லது ஒரு புதிய பயிற்சியாளர் இருப்பார்.

2008 கோடையில் சுன் சிட்டியை விட்டு ஷெஃபீல்ட் யுனைட்டெடுக்குப் போனார். அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று சிட்டியை வாங்க அபுதாபிப் பணம் வந்து இறங்கியது. சில வாரங்களில் தவறிய பேருந்து.

கடைசி வரிகள்

இதற்குப் பிறகு பட்டியலில் சீன கிளப்புகளின் பெயர்கள் வரிசையாக வரும், புதியவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். 2009இல் செங்டு பிளேட்ஸ். அது ஷெஃபீல்ட் யுனைட்டெட் சீனாவில் வாங்கி வைத்திருந்த கிளப், அதனால்தான் அதே "பிளேட்ஸ்" பட்டப்பெயர். அடுத்து ஷான்ஷி மாகாணத்தின் ஷியான் நகரில் ஒரு கிளப். 2012இல் அந்த கிளப்பே மூட்டைமுடிச்சோடு குய்ஜோ மாகாணத்துக்குக் குடிபெயர்ந்து குய்ஜோ ரென்ஹ என்று ஆனது. 2013இல் அந்த அணியோடு சீன எஃப்.ஏ. கோப்பையை வென்றபோது சுன்னுக்கு வயது 36. 2015இல் சோங்சிங். 2016இல் பெய்ஜிங் ரென்ஹ, அதாவது அதே குய்ஜோ கிளப் மறுபடி ஊர் மாறி பெய்ஜிங்குக்கு வந்திருந்தது. ஆக, மூன்று ஊரில் மூன்று பெயரில் அவர் ஆடியது ஒரே கிளப்புக்கு. 2016இல் ஓய்வு பெற்றார். 1995இலிருந்து எண்ணினால் 21 ஆண்டு.

2015 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மான்செஸ்டருக்கு வந்தார். அந்தச் சமயத்தில் ஆங்கிலக் கால்பந்துப் புகழரங்கில் சுன்னின் பெயர் சேர்க்கப்பட்டது. இங்கிலாந்தில் நிறையப் பேர் முகம் சுளித்தார்கள். இவரைவிடப் பெரியவர்கள் எத்தனையோ பேர் வெளியே நிற்கும்போது இது அரசியல் மரியாதை அல்லாமல் வேறென்ன என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு, எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அதற்காக அந்த 130 ஆட்டங்கள் குறைந்துவிடாது. இரண்டும் இரண்டு விஷயம்.

படித்துப் பழக இன்னொரு பட்டியல் வேண்டும் என்றால் அவரோடு லண்டனுக்குப் போன ஃபான் ஜியியின் பட்டியலைத் திறந்து பாருங்கள். 2001இல் ஆசியாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர், இடம் என்ற கட்டத்தில் டிஃபெண்டர் என்று எழுதியிருக்கும். 1995 சீசனைப் பாருங்கள்: 15 கோல், அந்த ஆண்டு சீன லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர் அவர்தான். ஷென்ஹுவா அவரை முன்னால் நிறுத்தி ஆடவிட்டது, அந்த ஆண்டு லீக் பட்டமும் ஷென்ஹுவாவுக்கே. அடுத்து லண்டனுக்கு வந்தபோது மறுபடியும் பின்வரிசைக்குப் போய்விட்டார்.